மஞ்சள் ரோஜா எடுத்தது நான்தான்

செப்டம்பர் 8, திங்கள்

தங்கை தூங்கிவிட்டாள். அவள் கால் என் வயிற்றின் மேல் கிடக்கிறது. எடுத்தால் விழித்துக்கொள்வாள், அதனால் காலைச் சுமந்துகொண்டே எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச். அவளுக்கு வீட்டில் ஒலிபெருக்கி என்று பெயர். இதில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டாலும் போச்சு, காலையில் பால் வாங்கப் போகிற இடத்தில் யாராவது என்னிடமே வந்து துக்கம் விசாரிப்பார்கள்.

சித்தப்பா காதலிக்கிறார்.

அது பரவாயில்லை. அவருக்கும் தலையில் முன்பக்கம் காலியாகிக்கொண்டு வருகிறது, காதலிக்கட்டும். யாரை என்பதுதான் —

லிட்மஸை.

எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ்ஸை! லிட்மஸ் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். அவர் ஒரு பார்வை பார்த்தால் சிலர் சிவப்பாகிவிடுவார்கள், சிலர் நீலமாகிவிடுவார்கள். நான் நீலம். தினமும் என்னைத்தான் முதலில் எழுப்புவார். எனக்குப் பதில் தெரியும். நெஞ்சு வரைக்கும் வரும். அதற்கு மேல் ஏறாது. மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிவிட்டு உட்காருவேன்.

சித்தப்பா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறார். அந்தக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, இப்போது டிவியில் கார் வேகமாக வந்தாலே அவர் கால் தரையை அழுத்துகிறது. அம்மா கடாயில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாலும் அழுத்துகிறது. போன மாதம் மிஸ் அங்கே கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது!

மாடியில் துணி எடுக்கும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வண்டி ஆஃப் ஆயிட்டா ஸாரி சொல்றாங்க கண்ணு. என்கிட்ட இல்ல. வண்டிகிட்ட!" சொல்லும்போது கையிலிருந்த அப்பாவின் லுங்கியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"உன்னைப் பத்திக்கூடச் சொன்னேன். எங்க அண்ணன் பொண்ணு உங்க வகுப்புதான்னு."

"ஐயோ, சித்தப்பா!"

"'அப்படியா, அந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா?'ன்னு எவ்வளவு அக்கறையா கேட்டாங்க தெரியுமா?"

மிஸ்ஸுக்கு ஒரு ரோஜாப் பூங்கொத்து கொடுக்கப்போகிறாராம். அதை நான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டுமாம். தன் தேர்வின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை, அது நியாயம்தான். அம்மாவின் பிறந்தநாளுக்கு அவர் வாங்கி வந்தது மலர்வளையம். "பெருசா, வட்டமா, அழகா இருந்துச்சு அண்ணி" என்றார். அம்மா அதை வாங்கிக்கொண்டு, தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்பது போல அப்பாவைப் பார்த்தாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

மிஸ் சரி என்று சொல்லிவிட்டால்? இந்த வீட்டுக்கு வந்துவிடுவார். காலையில் கண் விழித்தால் லிட்மஸ். பல் தேய்த்தாயா என்று கேட்பார், தேய்த்தேன் என்றால் பேஸ்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பார். நான் வாழ்நாள் முழுக்க நீலமாகவே இருப்பேன்.

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டாள். அணைக்கிறேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்கும் எழுப்பினார். மீன்.


செப்டம்பர் 11, வியாழன்

செய்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான். (தங்கையின் காலும் ஒரு காரணம்.)

பள்ளிக்கூடம் விட்டதும் பூக்கடைக்குப் போனேன். வாளி வாளியாக ரோஜா. கடைக்கார அக்கா ஒரு தகட்டு இடுக்கியில் காம்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார், முள்ளெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. மிஸ் எங்கள் வகுப்பை இப்படித்தான் நடத்துகிறார் என்று தோன்றியது.

"யாருக்கு பாப்பா?"

"எங்க... ஒருத்தருக்கு. ஒருத்தர் குடுக்கறதுக்கு."

"லவ்வா?"

நான் நீலமானேன்.

அக்கா தானாகவே சொல்லிக்கொண்டு போனார். சிவப்பு என்றால் உயிரையே கொடுப்பேன். ரோஸ் என்றால் உங்களைப் பார்த்தால் சந்தோஷம், மெதுவாகப் போகலாம். வெள்ளை என்றால் மரியாதை. நான் கேட்டேன்:

"வாங்கினவங்க வேண்டாம்னு சொல்ற மாதிரி ஏதாவது ரோஜா இருக்காக்கா?"

அக்கா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருஷத்துல யாரும் இதைக் கேட்டதில்ல. இரு, நெஜமாவே யோசிக்கணும்." யோசித்தார். பிறகு மஞ்சளைக் காட்டினார். "இது நட்பு. நீங்க நல்ல மனுஷி, நானும் நல்ல மனுஷன், அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்லைங்கற பூ. இதைக் குடுத்தவனை எந்தப் பொண்ணும் திரும்பிப் பார்த்ததில்ல."

"அதுவே குடுங்க."

பளபள தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, கொஞ்சம் பரிதாபமாகவும் பார்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயம். சித்தப்பா மஞ்சளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார், கேட்டால் என்ன சொல்வது என்று. பைக் நிறுத்துகிற இடத்தில் ஒளிந்து நின்று வாங்கிக்கொண்டார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மஞ்சளா?"

"அது... வந்து..."

"சிவப்புன்னா நில்லு." விரலை மடக்கினார். "பச்சைன்னா போ. மஞ்சள்னா — தயாராகு!" அவர் முகத்தில் அப்படியே விளக்கு எரிந்தது. "எடுத்ததும் பச்சை காட்டினா பயந்துடுவாங்க. அதனால தயாரா இருங்கன்னு சொல்றோம். என்ன மூளை கண்ணு உனக்கு! நான் சிவப்பு வாங்கியிருப்பேன். நில்லுன்னு சொல்லியிருப்பேன். எல்லாமே கெட்டிருக்கும்!"

என் தலையில் முத்தம் கொடுத்தார்.

உலகத்தில் எல்லாருக்கும் சிவப்பு ரோஜா என்றால் காதல். என் சித்தப்பாவுக்கு மட்டும் டிராஃபிக் போலீஸ்.


செப்டம்பர் 12, வெள்ளி

கொடுத்துவிட்டார். எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். பாடம் முடிந்து மிஸ் இறங்கியதும் பின் சீட்டிலிருந்து எடுத்து நீட்டினாராம். எதற்கு என்று கேட்டிருக்கிறார் மிஸ். இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. (எங்கள் குடும்ப வியாதி போலிருக்கிறது.) "ரிவர்ஸ் நல்லா எடுத்தீங்க, அதுக்கு" என்றாராம்.

"எல்லாருக்கும் குடுப்பீங்களா சார்?"

"ஆமா மேடம். எல்லாருக்கும்."

சித்தப்பா!!!


செப்டம்பர் 13, சனி

மிஸ் இதைப் போய் சித்தப்பாவிடம் கற்றுக்கொள்ளும் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அவர் இன்று ரிவர்ஸ் எடுத்து முடித்துவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "என் பூ எங்க தம்பி?" சித்தப்பா ஓடிப் போய் வாங்கி வந்திருக்கிறார். ரோஸ் நிறம்தான் மிச்சமிருந்ததாம்.


செப்டம்பர் 15, திங்கள்

இதை எப்படி எழுதுவது?

லேபுக்குள் நுழைந்ததும் பார்த்தேன். மேஜை மேல் பூங்கொத்து. அதே ரிப்பன். ஓஹோ, ஆசையாக வைத்துக்கொண்டிருக்கிறார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மிஸ் ரிப்பனை அவிழ்த்தார். மேஜைக்கு ஒரு பூ என்று கொடுத்துக்கொண்டே வந்தார்.

"இதழைப் பிய்ங்க. அரைங்க. வெந்நீர்ல போடுங்க. அமிலமா காரமான்னு பூவே சொல்லுதான்னு பார்க்கலாம்."

பிய்த்தேன். அரைத்தேன். சித்தப்பாவின் காதலை நானே பீக்கரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஆவி வந்தது. பக்கத்தில் நின்றவள், "ஏன்டி அழற?" என்றாள். ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அமிலம் விட்டோம். ஒன்றும் ஆகவில்லை. மிஸ் ஒவ்வொரு பீக்கராகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மஞ்சள்ல அந்தச் சாயமே இல்ல. சிவப்பா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!"

சாயங்காலம் மாடிப்படியில் சித்தப்பா காத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல பூவைப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

கொதிக்க வைத்தார்கள் என்று எப்படிச் சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன். "சிவப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொன்னாங்க."

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, இப்போது துள்ளிக் குதிக்கப்போகிறார் என்று. குதிக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சிவப்பா?"

"ம்."

"நில்லுன்னு சொல்லிட்டாங்க, இல்ல?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூக்கடை அக்கா சொன்னதைச் சொல்லியிருக்கலாம். லேபில் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த முறை வார்த்தை நெஞ்சில் சிக்கவில்லை. நானே பிடித்து வைத்துக்கொண்டேன்.

"மரியாதையா சொல்லியிருக்காங்க, பாவம்" என்று எழுந்து போனார்.


செப்டம்பர் 16, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன். மிஸ் வர மாட்டார். ரொம்ப சந்தோஷம்.


செப்டம்பர் 17, புதன்

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.


செப்டம்பர் 19, வெள்ளி

மிஸ்ஸுக்கு இனிமேல் டிரைவிங் ஸ்கூல் முதலாளியே கற்றுக்கொடுக்கட்டும் என்று சித்தப்பா ஒதுங்கிவிட்டார். சாப்பிடுகிறார், ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்ப்பதில்லை. ஒலிபெருக்கி அவர் தட்டில் தன் பாகற்காயையெல்லாம் தள்ளிவிட்டாள். அதையும் சாப்பிட்டுவிட்டார்.

ராத்திரி டிவியில் ஒரு படம். கார் துரத்தல். ஒரு லாரி குறுக்கே வருகிறது, கார் நேராக அதை நோக்கிப் போகிறது, அப்பாகூடச் சோபாவைப் பிடித்துக்கொண்டார். நான் சித்தப்பாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அசையவே இல்லை.

இடிச்சா இடிக்கட்டும்னு உக்காந்திருக்கார். நான்தான். நான்தான் பண்ணேன். ஒரு மஞ்சப் பூவை வச்சு ஒரு மனுஷனை இப்படி பண்ணிட்டேனே. சொல்லிடலாமா? சித்தப்பாகிட்ட சொன்னா என் மூஞ்சியை எப்படிப் பார்ப்பார்? மிஸ்கிட்ட சொன்னா — மிஸ்கிட்டயா! நானா!


செப்டம்பர் 22, திங்கள்

மணி அடித்தது. எல்லாரும் எழுந்தோம். "நீ மட்டும் இரு" என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்கள், ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி.

மிஸ் கறுப்பு டஸ்டரைத் தட்டிக்கொண்டே கேட்டார். "உங்க சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

"அவங்க முதலாளி பக்கத்துல உக்காந்து தூங்கறார். நேத்து நான் பாலத்துல ஏத்தறேன், அவர் குறட்டை விடறார். எழுப்பினா 'அப்படியே போங்கம்மா'ங்கறார். எங்கன்னு கேட்டா மறுபடியும் தூங்கிட்டார்." டஸ்டரை வைத்துவிட்டார். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? உங்க சித்தப்பா கோபமா இருக்காரா?"

அப்போதுதான் அது நடந்தது. எது என்னைத் திறந்தது என்று இப்போதும் தெரியவில்லை. மூடி கழன்ற சோடா பாட்டில் மாதிரி எல்லாம் வந்துவிட்டது.

"கோபம் இல்ல மிஸ் அவருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் நீங்க வண்டிகிட்ட ஸாரி சொல்றதால அதனாலதான் பூ குடுத்தார் ஆனா மஞ்சள் எடுத்தது நான்தான் மிஸ் அது வேண்டாம்னு சொல்ல வைக்கிற பூ ஆனா அவர் அதை தயாராகுன்னு நெனச்சுக்கிட்டார் சிக்னல் மாதிரி நீங்க லேப்ல சிவப்பு நல்லா இருந்திருக்கும்னு சொன்னதைப் போய் நான் அவர்கிட்ட சொல்லிட்டேன் அவர் நில்லுன்னு சொல்லிட்டீங்கன்னு நெனச்சு நின்னுட்டார் மிஸ். பிரேக்கே பிடிக்க மாட்டேங்கறார்!"

மூச்சு வாங்கியது. மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ எதுக்கு வேண்டாம்னு சொல்ல வைக்கிற பூவை எடுத்த?"

இனி மறைத்து என்ன? "நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு மிஸ்."

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நான் என் கண்ணாலேயே பார்த்தேன் — அவர் காதிலிருந்து ஆரம்பித்து, கன்னம் வழியாக, மூக்கு நுனி வரைக்கும். சிவப்பு!

"அப்ப அது," என்றார், குரல் அவருடையதாகவே இல்லை, "எல்லாருக்கும் குடுக்கறது இல்லையா?"

"இல்ல மிஸ். போஸ்ட்மாஸ்டர் அடம்பிடிச்சதால அவருக்கு ஒண்ணு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். லிட்மஸுக்குச் சிரிப்பு வரும் என்பதே புதுச் செய்தி.

"அதைக் கொதிக்க வேற வச்சுட்டேனே" என்றார். "ஐயையோ."


செப்டம்பர் 23, செவ்வாய்

மிஸ்ஸுக்கு அந்தக் கடையைக் காட்ட நான்தான் கூடப் போனேன். வாசலில் கால் வைக்கும்போதே கடைக்கார அக்கா இடுக்கியை உயர்த்திக்கொண்டு, "ஏ, வேண்டாம் ரோஜா பாப்பா! என்ன ஆச்சு? சொன்னாங்களா வேண்டாம்னு?" என்றார்.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

"அந்தப் பூ எனக்குத்தான் வந்தது" என்றார் மிஸ்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாளிக்குப் பின்னால் குனிந்து ரொம்ப நேரம் எதையோ தேடினார்.

மிஸ் கேட்டது பச்சை ரோஜா. இல்லை. "பச்சைன்னா இலைதான் இருக்கு மேடம்." அப்புறம் மிஸ் வெள்ளை ரோஜாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, காம்பைத் திருப்பிப் பார்த்து, வேலைக்கு ஆள் எடுப்பது போல எடுத்தார். லேபுக்குக் கொண்டுவந்து காம்பைச் சாய்வாக வெட்டி, கேக்கில் போடுகிற பச்சைச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து, அதில் நிறுத்தினோம். நாளைக்குள் உறிஞ்சிவிடுமாம். "பூ குடிக்கும். நாம அவசரப்படக் கூடாது" என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தது அவர்தான்.


செப்டம்பர் 24, புதன்

பச்சை ஆகவில்லை. ஓரத்தில் மட்டும் பச்சை, நடுவில் கோடு கோடாகப் பச்சை, மற்ற இடமெல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் துளிகூட மாறவில்லை. "ஒண்ணு இப்படித்தான் இருக்கும், எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் ஏறாது" என்று மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு, "உன்னைச் சொல்லல" என்றார்.


செப்டம்பர் 25, வியாழன்

காலையில் முதலாளிக்கு மிஸ்ஸே போன் செய்து, இன்று நீங்கள் வர வேண்டாம், பழைய சாரையே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா வேறு வழியில்லாமல் வந்தார். என்னைப் பின் சீட்டில் பார்த்ததும் திடுக்கிட்டார். "நீ எதுக்கு?" நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மிஸ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு காலடியிலிருந்து பூங்கொத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை.

"மேடம், பூஞ்சை பிடிச்சிருக்கு. கடையில ஏமாத்திட்டாங்க. பில்லு வச்சிருக்கீங்களா? நான் போய் மாத்திட்டு வரேன்."

மிஸ் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி, "பச்சை, சார்" என்றார்.

"எது?"

"பச்சை."

சித்தப்பா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். "இந்த ரோட்ல சிக்னலே கிடையாதே மேடம்."

என்னால் முடியவில்லை. "சித்தப்பா! அவங்கதான் சிக்னல்! பச்சை காட்டறாங்க! போங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். மிஸ்ஸின் காதைப் பார்த்தார், அது சிவப்பாகிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்தச் சிவப்பை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, நின்றுகொண்டிருந்த காரில், எஞ்சினே போடாத காரில், தன் பக்கத்து பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார்.

மிதித்த காலை எடுக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நானும் மிஸ்ஸும் நடந்தே போனோம். லேட். வாசலில் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள்.


அக்டோபர் 19, ஞாயிறு

இன்று மிஸ் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஒலிபெருக்கி தெரு முழுக்கச் சொல்லிவிட்டதால் எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு குடும்பமே நின்றது.

அம்மா பரிமாறினாள். மிஸ் ஒரு வாய் சாப்பிட்டார். அம்மா, "எப்படி இருக்கு?" என்றாள். அது கேள்வி இல்லை, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது.

"உப்பு கம்மியா இருக்கு" என்றார்.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். சித்தப்பாவின் கால் மேஜைக்கு அடியில் தரையை அழுத்தியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மிஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் காலி டம்ளர். முகம் —

நீலம்.

"உங்க அம்மா பேசவே மாட்டேங்கறாங்க" என்றார் மெதுவாக. "நான் தப்பா சொல்லிட்டேனா? கம்மிதானே?"

"கம்மிதான் மிஸ். ஆனா இந்த வீட்ல யாரும் சொன்னதில்ல."

"இப்ப என்ன பண்றது?"

என்னைக் கேட்டார். மிஸ் என்னைக் கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது, நெஞ்சு வரைக்கும் வந்தது, அதற்கு மேலும் வந்தது.

"இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேளுங்க. அவ்வளவுதான். வாங்க, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

கேட்டார். அம்மா போட்டாள். மிஸ் அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், இரண்டு தடவை தண்ணீர் குடித்துக்கொண்டு.

அவர் போன பிறகு அம்மா பாத்திரத்தை முன்னால் இழுத்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். நாங்கள் யாரும் நகரவில்லை.

"நெஜமாவே கம்மியா?"

அப்பா மறுபடியும் மின்விசிறி. சித்தப்பா தட்டு. ஒலிபெருக்கிகூட வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றேன். "எப்பவுமே."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியை எடுத்து மேஜையின் நடுவில் டொக்கென்று வைத்தாள்.

"தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமையும் அவளை வரச் சொல்லுங்க."